சாய்ந்த ஃபைக்கஸ் மரத்துக்குப் புதிய தொட்டி

வீட்டுக்குள் வளரும் எங்கள் ஃபைக்கஸ் மரம் சன்னல் பக்கமாக வெகுவாகச் சாய்ந்துவிட்டதால், அதை நிமிர்த்திப் புதிய தொட்டிக்கு மாற்றினேன். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரும்போது, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி தண்டின் நிழல் பக்கத்தில் மிகுதியாகச் சேர்ந்து அங்குள்ள செல்களை நீளச் செய்வதால், இளந்தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. முற்றிப்போன அடித்தண்டைக் கயிறு கட்டி இழுப்பதைவிட, வேர்ப்பந்தையே எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து நடுவதுதான் மரத்துக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பழைய தொட்டிக்குள் வேர்கள் வட்டமாகச் சுற்றிக் கிடந்தன. அவற்றை விரல்களால் மெல்லப் பிரித்து, பிரியாதவற்றை மட்டும் வெட்டியபோது, வெட்டுவாயில் உடனே வெண்பால் துளிர்த்தது. அது தோலில் பட்டால் அரிப்பு உண்டாகலாம் என்பதால் கையுறை அணிவது அவசியம். புதிய தொட்டி பழையதைவிட ஓரிரு அங்குலம் மட்டுமே அகலமாக இருக்க வேண்டும், ஏனெனில் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி வேர் அழுகிவிடும். தண்டு முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, ஒரு குச்சியை ஊன்றி, துணிநாடாவால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினேன். இடமாற்றத்தால் சில இலைகள் உதிரக்கூடும். அதைக் கண்டு கூடுதலாக நீர் ஊற்றக் கூடாது. இனி வாரந்தோறும் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்கப் போகிறேன்.