முதுகில் பட்டை ஒட்டிய வாரம்

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை வரப்பில் பார்த்தீனியம் பிடுங்குவேன். செவ்வாய்க்கிழமை கண் இமை வீங்கும்; கழுத்தும் முழங்கை மடிப்பும் அரித்து நீர் கசியும். நடுவில் ஒரு நாள் சும்மா போய்விடுவதால் செடி மேல் சந்தேகமே வரவில்லை. பழி முழுக்க திங்கட்கிழமைச் சாப்பாட்டின் மேல். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். அம்மிச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். மெடிக்கலில் வாங்கிய செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையால் தூக்கம்தான் வந்தது. நானாகப் போய், ஒவ்வாமையில் கூடுகிற ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தது அதைவிட வீண்.

கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, "தோட்டம் இருக்குதுங்களா?" என்றார். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். சாப்பிட்டால் இருக்கிற ஒவ்வாமையும் பரிசோதனையில் அமுங்கிவிடுமாம்.

எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கிற பேட்ச் டெஸ்ட் பட்டைகளைத் திங்கட்கிழமை முதுகில் ஒட்டினார்கள். சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் நிக்கல், குரோமேட், ரப்பர் ரசாயனம், பார்த்தீனியம் எல்லாம் துளித்துளியாக. 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சித்திரை வெயிலில்! ஃபேனுக்கடியில் குப்புறக் கிடந்தேன். புதன்கிழமை பிரித்தபோது ஒரே ஒரு இடம் லேசாகச் சிவந்திருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தபோது அதே இடம் தடித்து, கொப்புளம் கட்டியிருந்தது. பார்த்தீனியம்.

"எறா தின்னா எங்க மச்சானுக்கு பத்தே நிமிசத்துல தடிச்சுருதுங்க. எனக்கு மட்டும் ஏனுங்க ரெண்டு நாள்?" என்றேன் டாக்டரிடம். அவர் விளக்கினார்.

1963-இல் கெல், கூம்ஸ் என்ற இருவர் இந்த மாதிரி ஒவ்வாமைகளை நான்கு வகையாகப் பிரித்தார்களாம். மச்சானுடையது முதல் வகை. ஐஜிஇயும், அரிப்பையும் தடிப்பையும் கிளப்புகிற ஹிஸ்டமின் என்ற ரசாயனமும் நிமிடங்களில் செய்கிற வேலை. இரண்டாவது, வகை மாறி ஏற்றிய ரத்தத்தின் அணுக்களை எதிர்ப்பொருள் உடைப்பது போன்றது. பாம்புக்கடி மருந்து ஏற்றி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் வருமே, அது மூன்றாவது. என்னுடையது நான்காவது. இதில் எதிர்ப்பொருளுக்கு வேலையில்லை, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வர இரண்டு மூன்று நாள் ஆகும். செட்ரிசின் ஹிஸ்டமினைத்தான் தடுக்கும், அதனால்தான் எனக்குக் கேட்கவில்லை.

களிம்பில் புண் ஆறிவிட்டது. "ஒரேயடியா போயிருமுங்களா?" என்றதற்கு, செடி படாமல் இருந்தால் வராது என்றார். கத்தரிக்காயும் கருவாடும் மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டன. வரப்பை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். ஆனால் பக்கத்துப் புறம்போக்கு முழுக்க வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. காய்ந்த செடியின் தூசி காற்றில் வந்தாலே எனக்குப் போதும். ஆடிக்காற்று கிளம்பிவிட்டால் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகத்தான் வெளியே வருகிறேன்.