ஸ்கேன் படிப்புக்குக் கல்லூரி தேடுகிறவர்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கம் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளோடு பேசினால், இந்த வருடம் நிறைய பேர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப் படிக்க ஆசைப்படுகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் மலேசியாவில் இதற்கு வழக்கமான பாதை, முதலில் மருத்துவ இமேஜிங் (எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பு) டிப்ளோமாவோ டிகிரியோ முடித்து, அப்புறம் அல்ட்ராசவுண்டில் தனிப்பயிற்சி எடுப்பதுதான்.

இலவச லேப்டாப், ஹாஸ்டல் தள்ளுபடி என்று சொன்னதும் பதிவுக்கட்டணம் கட்டிவிடாதீர்கள். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏ இணையதளத்தில் படிப்பின் பெயரைத் தட்டிப் பாருங்கள். முழு அங்கீகாரமா, தற்காலிகமா? வேலைக்குப் போகும்போது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிய வேண்டும். அதற்கு இந்தப் படிப்பு செல்லுமா என்றும் கேளுங்கள்.

எனக்கு இதைவிட முக்கியம் மருத்துவமனைப் பயிற்சி. பித்தப்பைக் கல்லைப் பார்க்க ஜெல் தடவி, நோயாளியை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, புரோபை (உடம்பின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவி) பிடித்த நம் மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். அப்போதுதான் கல்லும் அதன் பின்னால் விழும் கறுப்பு நிழலும் தெளிவாகத் தெரியும். புத்தகம் படித்து இந்தக் கை வராது. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியில் படிக்கும் சீனியர் அக்கா, அண்ணன்மாரிடம், “புரோபை உங்கள் கையில் கொடுத்தார்களா, பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரியா?” என்று நேராகவே கேளுங்கள்.

அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்குமா என்பதையும் மறக்காமல் விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.