செனின் பிளாங்க்: ஒரே திராட்சை, எத்தனை விதமான வைன்

வெள்ளை வைன்னாலே எல்லாரும் ஷார்டனேதான் சொல்றாங்க, எனக்கு செனின் பிளாங்க்தான் பெருசா தெரியுது. பிரான்ஸ்ல லுவார் ஆத்தங்கரையில, ஆன்ஜூ பக்கம் பல நூறு வருஷமா இருக்கிற ரகம். இதோட புளிப்புதான் எல்லாத்துக்கும் காரணம், பழம் நல்லா பழுத்தாலும் அது போயிடாது, அதனாலதான் அதே லுவார் பக்கத்து இடங்கள்லயே, சாவெனியேர்ல இனிப்பே இல்லாத வைன், வூவ்ரேல நுரை பொங்குற வைன், கார் த ஷோம்ல தேன் மாதிரி வைன்னு ஒரே ரகத்துல எல்லாமே வருது.

அந்த இனிப்பு வைனுக்குப் பழம் பறிக்கிறதே தனி வேலைங்க. இலையுதிர் காலத்துல ஆத்துலேர்ந்து எழும்புற காலைப்பனியில பொட்ரைட்டிஸ்ங்கிற பூஞ்சை பிடிச்சு, பழத்துல தண்ணி வத்தி சர்க்கரை கெட்டிப்படும், ஆனா எல்லாப் பழமும் ஒண்ணா சுருங்காது, அதனால ஆளுங்க அதே கொடிக்குத் திரும்பத் திரும்பப் போயி சுருங்கினதை மட்டும் கையால பறிப்பாங்க.

உலகத்துலயே இது அதிகமா விளையுறது தென்னாப்பிரிக்காவுல, அங்க ஸ்டீன்னு பேரு. ரெண்டும் ஒண்ணுதான்னு 1960கள்லதான் உறுதியாச்சு. ரொம்பக் காலம் பிராந்தி காய்ச்சத்தான் நிறைய போச்சு, மனசு கேக்கல. இப்போ ஸ்வார்ட்லாண்ட்ல பழைய கொடிகளைத் தேடிப்பிடிச்சு அருமையா பண்றாங்க. நம்ம நாசிக்லயும் விளையுது, நல்லா சில்லுனு வெச்சு மீன் வறுவலோட குடிச்சுப் பாருங்க.