பழுப்பு வட்டத்துக்கு மருந்தை நிறுத்தி மக்கு உரம் போட்ட கதை

கோயம்புத்தூரில் ஐப்பசி மழை விட்டு, காலையில் பனி இறங்கத் தொடங்கினால் எங்கள் அடுக்குமாடி வளாகத்து லானில் பழுப்பு வட்டங்கள் விழும். போட்டிருப்பது கொரியன் புல். வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் போதும், அடித்தண்டு அழுகிக் கையோடு வந்துவிடும். ரைசோக்டோனியா என்ற பூசணத்தின் வேலை இது.

வருஷா வருஷம் பூசணக்கொல்லி அடிப்பதுதான் வழக்கமாக இருந்தது. "அடிச்சா கொஞ்ச நாள் தாங்குதுங்கக்கா, அப்புறம் மறுபடியும் அதே எடத்துல வருதுங்க" என்பார் எங்கள் தோட்டக்கார அண்ணன். சாயங்காலமானால் குழந்தைகள் செருப்பில்லாமல் உருண்டு புரளும் இடம். அங்கே மருந்தைத் தெளிப்பது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. தோட்டப் பொறுப்பு என்னிடம் வந்ததும் முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னேன்.

மக்கு உரம் என்றால் எல்லோரும் தழைச்சத்து, மணிச்சத்துக் கணக்குதான் பேசுகிறார்கள். லானைப் பொறுத்தவரை அதிலிருக்கும் உயிர்கள்தான் எனக்குப் பெரிது. ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணம் நோய்ப்பூசணத்தின் இழையைச் சுற்றிக்கொண்டு அதையே தின்னும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மண்ணிலுள்ள இரும்பைத் தான் பிடித்து வைத்துக்கொள்ளும். நோய்க்கிருமிக்கு அது கிடைக்காது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1990களிலேயே கோல்ஃப் மைதானப் புல்லில் மக்கு உரம் தூவி, நோய் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். அதே உரத்தைக் கொதிசூட்டில் வைத்து உயிர்களைக் கொன்றுவிட்டால் அந்தக் காவல் பெரும்பாலும் போய்விடும்.

அதனால் உரம் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்பதில் நான் ரொம்பக் கறார். குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சில நாள் நிற்க வேண்டும், அப்போதுதான் களை விதையும் கெட்ட கிருமியும் சாகும். அந்தச் சூட்டில் நல்லவையும் பெரும்பாலும் போய்விடும். சூடு தணிந்த பிறகு ஓரத்திலிருந்து அவை மெல்ல உள்ளே வந்து குடியேறும். இந்த ஆறப்போடும் காலத்தைத்தான் விற்பவர்கள் பலர் சுருக்கிவிடுகிறார்கள். ஒரு பிடி அள்ளி மோந்து பாருங்கள். முதல் மழை மண்வாசனை வந்தால் சரி. அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் புல் கருகும், வாங்காதீர்கள்.

எங்கள் குவியல் ஆறியதும் ட்ரைக்கோடெர்மா விரிடி பொடியைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் மூடி வைக்கிறோம். வயலுக்கு எக்டருக்கு 2.5 கிலோ பொடி, 50 கிலோ தொழுவுரத்தோடு என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்த விகிதத்தை வைத்துக்கொண்டு லானுக்குக் கணக்குப் போட்டோம்.

புரட்டாசியில், மழைக்கு முன்பாக, புல்லை ஒட்ட வெட்டி, கடப்பாரையால் அங்கங்கே குத்தி, சலித்த உரத்தைக் கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவுவோம். அப்புறம் அண்ணன் சீமாறை எடுப்பார். புல் நுனி முழுக்க வெளியே தெரியும்வரை குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கி உரத்தை அடிக்கு இறக்குவார். இதை அவசரத்தில் செய்யவே முடியாது. மேலே தங்கிய உரம் புல்லை மூச்சடைக்க வைக்கும்.

வட்டங்கள் அடியோடு போய்விடவில்லை. சின்னதாக வருகின்றன, வெயில் ஏறினதும் புல் தானே மூடிக்கொள்கிறது. மழைக்காலத்தில் யூரியா போடுவதையும், சாயங்காலம் தண்ணீர் விடுவதையும் கூடவே நிறுத்தினோம். அதற்கும் இதில் பங்குண்டு.

நீங்களும் செய்வதானால் பொடி பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். டால்க்கில் கலந்தது நாலு மாதத்துக்குள் தீர வேண்டும். வெயிலில் கிடந்த பாக்கெட் என்றால், கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.