விலைவாசியைத் திட்டினால் இத்தாலிய மொழி வரும்

இத்தாலியில் நான் இத்தாலிய மொழியிலேயே வழி கேட்டாலும் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். மழை, வெயில் பற்றிப் பேச்சைத் தொடங்கினால் ஒரு தலையாட்டலோடு முடிந்துவிடும். விலையைப் பார்த்து முணுமுணுத்தால் மட்டும் எதிரில் இருப்பவர் இத்தாலிய மொழியிலேயே கொட்ட ஆரம்பிக்கிறார்.

இதை நன்றாகப் பழகிக்கொண்ட இடம் டூரின் நகரத்தின் போர்த்தா பலாத்சோ சந்தை. ஐரோப்பாவின் மிகப் பெரிய திறந்தவெளிச் சந்தைகளில் ஒன்று. வார நாட்களில் மதியத்தோடு கடையைக் கட்டிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

தக்காளி விலைப் பலகையைப் பார்த்து, "துத்தோ ஔமெந்தா" என்றேன். எல்லாம் ஏறுது, அவ்வளவுதான். பக்கத்தில் சக்கரப் பையோடு நின்ற பாட்டி, "எ சி, சிஞ்ஞோரா!" (ஆமாம்மா!) என்று என் பக்கம் திரும்பினார். பென்ஷன் மட்டும் ஏறவில்லையாம். அப்புறம் யூரோவுக்கு முன்பு இத்தாலியில் புழங்கிய லீரா நாணயத்தின் காலத்துக்குப் போய்விட்டார். 2002 ஜனவரியில் யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது ஒரு யூரோவுக்கு 1936.27 லீரா என்பது கணக்கு. ஆனால் ஆயிரம் லீராவுக்கு விற்றதையெல்லாம் வியாபாரிகள் ஒரு யூரோ ஆக்கிவிட்டார்கள் என்பது அங்கே பலரின் தீராத மனக்குறை. ஒட்டுமொத்தப் பணவீக்கம் அப்போது அப்படி ஒன்றும் எகிறவில்லை; அடிக்கடி வாங்கும் சின்னச் சின்னச் சாமான்களில்தான் சிலர் விலையை ஏற்றிவிட்டார்கள். இதைப் பாட்டியிடம் எடுத்துச் சொல்ல எனக்கு மொழியும் போதாது, தைரியமும் போதாது. "மாம்மா மீயா" என்று உச்சுக் கொட்டினேன். போதுமானதாக இருந்தது.

உண்மையான அடி 2022-இல் விழுந்தது. எரிவாயு, மின்சாரக் கட்டணம் எல்லாம் ஏறி, அந்த அக்டோபரில் பணவீக்கம் 11.8 சதவீதம். அடுத்து ஸ்பெயின் வறட்சியில் ஆலிவ் விளைச்சல் சரிந்து எண்ணெய் விலையும் எகிறியது. எண்ணெய் என்று வாயெடுத்தாலே இன்னும் பெருமூச்சு வருகிறது.

காப்பி விலைதான் எல்லோருக்கும் பொதுவான புலம்பல். அங்கே 'பார்' என்றால் காப்பிக் கடைதான், பதற வேண்டாம். காப்பி போடும் கவுண்டரில் நின்றபடி குடித்தால் எஸ்ப்ரெஸோ ஒரு யூரோ சொச்சம். மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் கூடுதல் காசு. அதனால் நின்றே குடியுங்கள். காசும் மிச்சம், பேச்சுத்துணையும் கிடைக்கும். பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்ததைக் காப்பி போடுபவரே விளக்குவார்.

ஒன்று மட்டும்: அரசாங்கத்தைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்காதீர்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள், காப்பி ஆறிப்போகும்.