கும்மி மெட்டை வயலினில் எடுத்தபோது: டிப்ளமோ பிராக்டிகலுக்குத் தயாராகிறவர்களுக்கு

நான் வாசித்து முடித்ததும் தேர்வாளர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இதுக்கு யாராவது கும்மி அடிக்க முடியுமாம்மா?"

பெங்களூரில் படித்த வயலின் டிப்ளமோவில், ஒரு நாட்டார் நடன மெட்டைத் தந்தி வாத்தியத்துக்கு நாமே அமைத்து 4 நிமிடம் வாசிக்கும் பகுதி ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் பாடும், செஞ்சுருட்டி ராகத்தின் சாயல் உள்ள கும்மி ஒன்றை எடுத்தேன். தெரிந்த கமகம் (ஸ்வரத்தை அசைத்து அழகூட்டுவது) எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றினேன். மற்ற பகுதிகள் தேறின, இது மட்டும் போயிற்று.

அடுத்த முறை நான் முதலில் போனது அல்சூரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு. அவருக்கு 70 வயதுக்கு மேல். சின்ன வயதில் ஊர்த் திருவிழாவில் கும்மி அடித்தவர். "நீ வாசி கண்ணு, நான் தட்டுறேன்" என்று உட்கார்ந்தார். நாலாவது தட்டில் கை நின்றுவிட்டது. "கை விழுற இடமே தெரியலயே கண்ணு." கோளாறு மெட்டில் இல்லை, என் வில்லில் இருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கும்மி திஸ்ர நடை, அதாவது ஒரு தட்டுக்கு மூன்று எண்ணிக்கை: தகிட, தகிட. ஸ்வரத்துக்கு ஒரு வில் என்று மாற்றி மாற்றிப் போட்டால், முதல் 'த' வில்லை இழுக்கும்போது விழும், அடுத்த 'த' தள்ளும்போது விழும். இழுப்பில் வரும் அழுத்தம் தள்ளும்போது தானாக வராது. ஆகவே ஒரு தட்டு கனமாகவும் அடுத்தது லேசாகவும் கேட்கும், ஆடுகிறவர் தடுமாறுவார். 'தகி' இரண்டையும் ஒரே இழுப்பில் சேர்த்து, 'ட'வை மட்டும் தள்ளுங்கள். ஒவ்வொரு தட்டும் இழுப்பிலேயே தொடங்கும். ஆனால் இழுப்பு நீளம், தள்ளு குட்டை என்பதால் வில் மெல்ல மெல்ல நுனிக்கு ஓடிவிடும். 'ட'வை வேகமாக, அழுத்தமே இல்லாமல் தள்ளினால் வில் பழைய இடத்துக்குத் திரும்பும். ஸ்வரங்களையே மறந்துவிட்டு, ஒற்றைத் தந்தியில் இதை மட்டும் இரண்டு வாரம் பழகினேன்.

அப்புறம், பாட்டில் சரணத்துக்குச் சரணம் சொல் மாறும், அதனால் ஒரே மெட்டு திரும்பி வந்தாலும் அலுக்காது. வயலினுக்குச் சொல் கிடையாது. அதற்கு நான் கண்ட வழி: முதல் சுற்றில் மெட்டை மட்டும் தனியாக வாசித்தேன். மெட்டு மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்தாயியில்) இறங்கும் இடங்களில் இரண்டாம் சுற்றிலிருந்து பக்கத்து ஸட்ஜத் (ஸ) தந்தியையும் வில்லால் தொட்டேன். நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து நிற்பது போல அது நிற்கும். கடைசிச் சுற்றில் கூட வாசித்த தோழி வில்லின் மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டினாள், கோலாட்டக் குச்சிச் சத்தம் வந்தது. இதற்குப் பழைய வில்லையே வையுங்கள், நல்ல வில்லின் மெருகு போய்விடும். மேல் ஸ்தாயியில் ஒரு சுற்று வாசித்துப் பார்த்தேன், கும்மி மெலிந்துவிட்டது, எடுத்துவிட்டேன்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். செஞ்சுருட்டி மேல் ஸட்ஜத்துக்குப் போகாமல் நிஷாதத்தோடு நிற்கும், கீழே மந்திர பஞ்சமம் வரை இறங்கும். நாலு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டும் சுருதியில் அந்தப் பஞ்சமம் விரல் வைக்காத மூன்றாம் தந்தி. இந்த ராகம் வயலினில் கைக்கு அடக்கமாக உட்காருவது அதனால்தான். இன்னொன்று, நடன மெட்டைக் கச்சேரிக்காரர்கள் எடுத்ததுண்டா என்று கேட்பார்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் அமைத்த நோட்டுஸ்வரங்களைச் சொல்லுங்கள். 'வந்தே மீனாக்ஷி' ஓர் ஐரிஷ் நடன மெட்டில் அமைந்தது. காவடி ஆட்டப் பாட்டான காவடிச்சிந்துக்கு, அதை எழுதிய அண்ணாமலை ரெட்டியாரைச் சொல்லலாம்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு மறுபடி அத்தை வீட்டில் வாசித்தேன். இந்த முறை அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. மூன்றாம் சுற்றில் எழுந்து, முட்டி வலியையும் மறந்து, குனிந்து நிமிர்ந்து நாலு அடி போட்டார். வேகம் காட்டித் தட்டும் மெட்ரோனோமை அணைத்துவிட்டு அவர் அடிக்கு வாசித்தேன். தேர்விலும் அந்த வேகம்தான்.