தெளிந்த சீரம்

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். வெயில் ஏறுவதற்குள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவதும் என் வேலைதான்.

சாம்பிளைச் சுழல விட்டால் சீரம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, மேலே பிரிந்து நிற்கும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எகிறியிருந்தால் அது பால்போல வெளுத்திருக்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் மட்டும் கூடியிருந்தால் அப்படி இல்லை. 190 இருந்தாலும் இளமஞ்சளாகத் தெளிந்தே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை ஏமாற்றியது இந்தத் தெளிவுதான்.

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி. மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் எல்டிஎல் 190-லிருந்து 90-க்கு இறங்கியது. "அதான் கொறைஞ்சிருச்சே தம்பி, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டார். டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சமையலறைக் குழாயில் பிசுக்கு அடைப்பதுபோலத்தான் கொழுப்பும் என்று நானும் நம்பிய காலம் அது. நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே ஏறிவிடும் என்றுகூட எடுத்துச் சொல்லவில்லை. மறு வருடம் அவருக்கு மாரடைப்பு. மதுரைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

அப்புறம்தான் தேடித்தேடிப் படித்தேன். கொழுப்பு ரத்தக் குழாயின் உள்பக்கம் வெறுமனே ஒட்டுவதில்லை, சுவருக்குள்ளேயே நுழைகிறது. ரத்தத்தில் கூடிப்போன எல்டிஎல் துகள்கள் உள்படலத்தைத் தாண்டிப் போய், சிக்கி, ஆக்சிஜனேற்றத்தால் உருமாறுகின்றன. உடம்புக்கு அது தைத்த முள். படலத்தின் செல்கள் ஒட்டும் புரதங்களை நீட்டி, ஓடுகிற ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிடித்து உள்ளே விடுகின்றன. அவை கொழுப்பை விழுங்கி விழுங்கி, நுரைத்து ஊதி, அங்கேயே சாகின்றன. அதைப் பார்த்து இன்னும் வெள்ளணுக்கள் வருகின்றன. கொழுப்பு ஊசிப் படிகமாகி, விழுங்கிய செல்லையே உள்ளிருந்து குத்தும்போது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் கிளம்பி அழற்சியை மேலும் மூட்டுகிறது. மேலே மூடியிருக்கும் திசு மெலிந்து கிழிந்தால் அங்கே ரத்தம் உறைகிறது. மாரடைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

2017-இல் வெளிவந்த கான்டோஸ் ஆய்வு என்னை உலுக்கியது. மாரடைப்பு வந்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் கூடியிருந்த சுமார் 10,000 பேரிடம் அந்த இன்டர்லூக்கினைத் தடுக்கும் ஊசியைச் சோதித்தார்கள். எல்டிஎல் இறங்கவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. உயிர்போகும் தொற்று சற்றுக் கூடியது. இதயத்துக்கு அந்த ஊசி வழக்கத்துக்கு வரவில்லை. எல்டிஎல்லை இறக்கி, இறங்கிய இடத்திலேயே வைத்திருப்பதுதான் இன்றும் முதல் வழி.

ஆச்சியிடம் இதை அவர் வீட்டு வளவில் உட்கார்ந்து சொன்னேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய சுவர், கை வைத்தால் வழுக்கும். ஒரு மூலையில் மட்டும் உப்பியிருந்தது.

"மேல்பூச்சு மின்னும், உள்ளே ஓதம் ஏறியிருக்கும். அதானே?" என்றார்.

"அதேதான் ஆச்சி. இது குடும்பத்திலயும் வரும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மகன் ஊரிலேர்ந்து வந்திருக்கான். அவனுக்கும் எடுத்துருங்க தம்பி."